ஒரு துளி ஈயம்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அலுமாரியின்மேல், பழைய சேலையொன்றினால் மூடப்பட்டு, பல ஆண்டுகளாக ஒரு கணினித் திரை இருந்து வந்தது. ‘இறந்துவிட்டது’ என்று இரண்டு கடைகளில் அதற்குத் தீர்ப்பு வழங்கியிருந்தார்கள். மூன்றாவது கடையில் அதைத் தூக்கிப் பார்க்கவும் ஒருவரும் முன்வரவில்லை. வாசலில் நின்ற இளைஞர், “இதை இன்னும் வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டுச் சிரித்ததோடு விசாரணை முடிந்தது.

சிரித்தவரைக் குறை கூறுவதற்கில்லை. பதினான்கு அங்குலத் திரை. பின்புறம் பானை வயிறுபோல் நீண்ட பெட்டி. காட்டுவது ஒரே நிறம், அதுவும் பச்சை. இன்று புத்தகம்போல் மெலிந்த திரைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செல்கின்றவர்களுக்கு அது தாத்தா காலத்து ஆட்டுக்கல்லாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் அதைக் குப்பைக்கு அனுப்ப முடியாத ஒரு காரணம் எங்களுக்கு இருந்தது.

என் குஞ்சையா வடமராட்சியில் நெடுங்காலம் ஆசிரியராகவிருந்தவர். இளைப்பாறிய பின்னர் கொழும்புக்கு வந்து சேர்ந்த அவர், ஒரு காரியாலயம் கழித்து விற்ற கணினியொன்றை மலிவாக வாங்கினார். வல்வெட்டித்துறையில் மரக்கலம் கட்டியவர்களின் வாயிலிருந்து தாம் இளமையிற் கேட்டுக் குறித்துவைத்த சொற்களை அதிலே தட்டிச் சேர்க்கத் தொடங்கினார். அந்த ஊர்த் தச்சர்கள் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938 இல் அத்திலாந்திக்குச் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது என்பதைப் பலர் அறிவர். அந்தக் கப்பலை அறிந்தவர்கள் அநேகர். அதன் ஒவ்வொரு பலகைக்கும் ஆணிக்கும் வழங்கிய பெயரை அறிந்தவர்கள் சிலரே. அந்தச் சிலரும் மறைந்தபின் எஞ்சியவை குஞ்சையாவின் குறிப்புகள். அவர் 2006 இல் காலமானார். கொப்பிகளைக் கறையான் தின்றது. அச்சிட்டெடுத்த தாள்கள் வீடு மாறியபோது தொலைந்தன. மிஞ்சியது கணினி, அதற்கும் முகமில்லை.

‘வேறு திரையைப் பூட்டிப் பார்ப்பதுதானே?’ என்று வாசகர் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். விடை எளிதன்று. 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது சொந்தக் கணினியை வெளியிட்டபோது, எழுத்துக்களைக் காட்டுவதற்கென ஒரு முறையை வகுத்தது. அம்முறையில் திரை விநாடிக்கு 18,000 இற்குச் சற்று மேற்பட்ட கோடுகளை வரையும். முழுப் படத்தையும் விநாடிக்கு 50 தடவை புதுப்பிக்கும். ஒன்பது ஊசிகள் கொண்ட செருகியினூடாக அதற்குச் செய்தி போகும். 1987 இல் வந்த புதிய முறையோ விநாடிக்கு 31,000 இற்கு மேற்பட்ட கோடுகளைக் கேட்பது; அதன் செருகிக்குப் பதினைந்து ஊசிகள். இன்றைய திரைகள் அந்தப் பழைய தாளத்துக்கு ஆடப் பழகாதவை. கணினியின் வட்டைக் கழற்றி வேறொரு கணினியிற் பூட்டலாமென்றால், அவ்வட்டு தன் காலத்துக் கட்டுப்பாட்டுப் பலகையுடன் மாத்திரமே பேசும். ஆகவே, மரக்கலச் சொற்களுக்கும் எங்களுக்கும் இடையே இருந்த ஒரே வாசல் அந்தப் பச்சைத் திரைதான்.

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் நண்பரொருவர், “ஒருகொடவத்தையில் ஒரு நானா இருக்கிறார், அவர் கையிற் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு எறியுங்கள்” என்றார். ஒரு சனிக்கிழமை காலை ஓட்டோவொன்றிலே திரையை மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். கிருலப்பனையில் தொடங்கும் பேஸ்லைன் வீதி பொரளையையும் தெமட்டகொடையையும் கடந்து வடக்கே செல்லச் செல்ல, மாநகரம் தன் அலங்காரங்களை ஒவ்வொன்றாகக் களைந்து வைக்கிறது. ஒருகொடவத்தையை அடையும்போது மிஞ்சுவன கொள்கலன் லொறிகளும், சுங்கப் பரிசோதனைக்குக் காத்து நிற்கும் இரும்புப் பெட்டிகளும், பயிற்சி நிலையங்களுக்குப் போகும் இளைஞர்களுமே. சற்று அப்பால் களனி ஆறு. உலகின் பல திக்குகளிலிருந்தும் புத்தம் புதிய பொருள்கள் பெட்டி பெட்டியாக வந்திறங்கும் இந்த இடத்திலேயே, பழையவற்றுக்கு உயிர் கொடுப்பவர் ஒருவர் கடை வைத்திருக்கிறார் என்பது எனக்கு வேடிக்கையாகப் பட்டது.

கடை என்று சொன்னாலும் அகலம் எட்டடி இருக்கும். தட்டுகள் யாவும் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு மேலேதான் தொடங்குகின்றன. 2016 மே மாதத்து வெள்ளம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளை மூழ்கடித்தபோது கற்ற பாடம் அது என்றார் நானா. சுவரில் பென்சிலாற் கீறிய கோடொன்று அன்று நீர் நின்ற மட்டத்தைக் காட்டுகிறது.

அவருடைய வாப்பா வால்வு வானொலி திருத்தியவர். 1979 ஏப்ரில் 13 ஆந் திகதி சுயாதீனத் தொலைக்காட்சி ஆரம்பமாகி, 1982 பெப்ரவரி 15 ஆந் திகதி ரூபவாஹினியும் வந்தபோது வாப்பா தொலைக்காட்சிக்கு மாறினார்; மகன் கணினித் திரைக்கு மாறினார். இந்நாட்டில் வானொலி பிறந்த வரலாறே பழுதுபார்ப்போர் மரபைச் சேர்ந்ததென்பது ஈண்டு நினைவுக்கு வருகிறது. கொழும்புத் தந்திக் காரியாலயத்தின் பொறியியலாளராகவிருந்த எட்வர்ட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டே தமது முதல் ஒலிபரப்பியை அமைத்தார். 1925 டிசெம்பர் 16 ஆந் திகதி கொழும்பு வானொலி முறையாக ஆரம்பித்து வைக்கப்பட்டது. போருக்கென்று செய்த பொருள் பாட்டுப் பாடியது!

நானா திரையைச் சுற்றிப் பார்த்தார். பின்புறத் துளைகளில் மூக்கை வைத்து முகர்ந்தார். “மீன் வாடை அடிக்குது மாஸ்டர்” என்றார். நான் குஞ்சையாவின் ஓடங்களை நினைத்துத் திடுக்கிட்டேன். அவர் சொன்னதோ வேறு. மின்னைச் சேமித்துச் சீராக விடுவதற்கென்று இக்கருவிகளில் வைக்கப்படும் சிறு உருளைகளைப் பாடநூல்கள் கொள்ளளவி என்கின்றன. கடைக்காரர் கண்டென்சர் என்பர். அவற்றுள் ஒரு வகையினுள்ளே ஈரமான திரவமொன்று இருக்கிறது. ஆண்டுகள் செல்ல அது உலரும், அல்லது கசியும். கசிந்தால் மீன் வாடைபோன்ற ஒரு வாடை எழுவதுண்டு.

“அப்படியானால் இறந்துவிட்டதா, நானா?”

“மௌத்தாகல்ல மாஸ்டர். மயங்கித்தான் கிடக்குது. கரண்ட் எந்த இடத்தில நின்டுபோச்சு என்டு தெரியாத ஆள்தான் மௌத்து என்டு சொல்லுவான்.”

இந்த வாக்கியத்துக்காகவே ஓட்டோக் கூலி தகும் என்று எண்ணிக்கொண்டேன்.

திருத்தத்தை விவரிப்பதற்கு முன் அந்தப் போத்தலைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். 1897 இல் ஸ்ரார்ஸ்பூர்க் நகரப் பேராசிரியர் கார்ல் பெர்டினண்ட் பிறவுண் அமைத்த கதோட்டுக் கதிர்க் குழாயின் வழித்தோன்றலே நாம் ஒரு நூற்றாண்டுக் காலம் பார்த்துவந்த திரை. காற்றெல்லாம் உறிஞ்சப்பட்ட ஒரு கண்ணாடிக் கூசா. அதன் ஒடுங்கிய கழுத்துக்குள் ஒரு சிறு இழை. இழை சூடேறினால் அதை மூடியிருக்கும் உலோகத்திலிருந்து இலத்திரன்கள் ஆவிபோற் கிளம்புகின்றன. எதிர்ப்புறத்தில், திரையின் பக்கம், பன்னிரண்டாயிரம் வோல்ற்று அளவிலான நேர்மின் அழுத்தம் அவற்றைக் கூவி அழைக்கிறது. ஒளியின் வேகத்தில் ஐந்திலொரு பங்குக்கு ஓடிவந்து அவை திரையின் உட்புறத்துப் பூச்சில் மோதுகின்றன; மோதிய புள்ளி பச்சையாய் ஒளிர்கிறது. புள்ளி ஒன்றுதான். கழுத்தைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருள்கள் அந்த ஒரே புள்ளியை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் இழுத்தடித்து ஓட்டுகின்றன. நாம் படமென்று காண்பது, ஒரு புள்ளி ஓடிய வேகத்தில் நம் கண் ஏமாந்ததன் பயனே. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலாற் கீறிக் கற்ற அரிச்சுவடிக்கும் இதற்கும் வேற்றுமை வேகத்தில் மட்டுந்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கொழும்புக்கும் இவ்வகைப் பச்சைத் திரைக்கும் ஓர் இலக்கிய உறவும் உண்டு. 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 இல் இம்மாநகரிலேயே மறைந்த ஆர்தர் சி. கிளார்க், தமது 2010 ஆம் ஆண்டுபற்றிய நவீனம் படமாக்கப்பட்டபோது, நெறியாளர் பீற்றர் ஹயம்ஸ் என்பவருடன் 1980களின் முற்பகுதியிற் கணினி வாயிலாகவே உரையாடினார். கொழும்பில் ஒரு கேப்ரோ கணினி. லொஸ் ஏஞ்சல்ஸில் மற்றொன்று. தைலப் பெட்டிபோன்ற அந்த உலோகப் பெட்டியின் முகத்தில் ஒன்பது அங்குலப் பச்சைத் திரை. தொலைபேசிக் கம்பி வழியே கடிதங்கள் ஓடின. அக்கடிதங்கள் பின்னர் நூலாகவும் வந்தன. மின்னஞ்சல் என்ற சொல் நம்மிடையே புழங்குமுன் நிகழ்ந்த சங்கதி இது. அந்தக் காலத்தில் தமிழுக்கும் திரையில் இடம் தேடியவர்கள் இருந்தனர். கனடாவில் வாழ்ந்த கலாநிதி சீனிவாசன் ‘ஆதமி’ என்ற தமிழ் எழுது நிரலை அந்தத் தசாப்தத்திலேயே ஆக்கினார். குஞ்சையாவின் கணினியிலும், எழுத்துக்களைப் புள்ளி புள்ளியாக வரைந்து காட்டும் ஒரு சிறு நிரல் இருந்தது என்பது மட்டும் எனக்கு ஞாபகம்.

இனித் திருத்தம். பின்மூடியைக் கழற்றியதும் நானா செய்த முதல் காரியம் என்னை இரண்டடி பின்னே நிற்கச் சொன்னதுதான். கூசாவின் தோளில் இரப்பர்க் கிண்ணமொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயரழுத்த மின் நுழையும் வாசல் அது. மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் கண்ணாடி தன்னுள் அந்த மின்னை வைத்துக்கொண்டிருக்கக்கூடும். நீண்ட திருகாணிச் செலுத்தியொன்றைக் கம்பியால் உலோகச் சட்டத்துடன் பிணைத்து, கிண்ணத்தின் அடியிற் செருகினார். சத்தம் ஒன்றும் எழவில்லை. “இவ்வளவு வருஷம் கிடந்ததில மின் இருக்காது. ஆனாலும் ஒருநாள் செய்யாம விட்டா, அடுத்த நாளும் செய்யத் தோணாது” என்றார். ஓடும் கருவியைச் சோதிக்கும்போது அவர் இடது கையைச் சாரத்தின் பின்புறம் மடித்து வைத்துக்கொள்கிறார். இரண்டு கைகளும் உள்ளே சென்றால், ஒன்றிலேறிய மின் நெஞ்சைக் கடந்து மற்றதில் இறங்கும் என்பது வாப்பாவின் போதனை.

மின்னை மட்டும் அஞ்சினாற் போதாது. வெற்றிடத்தையும் அஞ்ச வேண்டும். உள்ளே காற்றில்லாத அந்தக் கூசாவின்மீது வெளிக்காற்று சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் அழுத்துகிறது. பதினான்கு அங்குலத் திரையின் முகத்தில் மாத்திரம் அரைத் தொன் பாரம் அமர்ந்திருக்கிறதென்று கணக்கிட்டுப் பாருங்கள். கூசா உடைந்தால் கண்ணாடி உள்நோக்கிச் சிதறிப் பின் வெளியே பறக்கக்கூடும். வீட்டில் முயன்று பார்க்க விரும்பும் மாணவர்கள் இந்தப் பந்தியை இருமுறை வாசிப்பார்களாக.

அடுத்து உருகியைப் பார்த்தார். நான் அது எரிந்திருக்குமென்று எதிர்பார்த்தேன், எரியவில்லை. எனக்கு ஏமாற்றம், அவருக்கோ மகிழ்ச்சி. உருகி எரிந்திருந்தால், உள்ளே எங்கோ மின் குறுக்குவழியிற் பாய்ந்து ஒரு பாகத்தையாவது கொன்றிருக்கிறது என்று பொருள். எரியாமலே கருவி பேசாதிருந்தால், பாதை எங்கோ அறுந்திருக்கிறது, கொலை நடக்கவில்லை.

பிறகு ஒரு விசித்திரம். பழங்காலத்து 60 வாற்று மின்குமிழொன்றைத் திரைக்குப் போகும் மின்பாதையில் இடையே கோத்தார். உள்ளே குறுக்குவழி இருந்தால் குமிழ் முழுப் பிரகாசத்துடன் எரியும், திரை தப்பும். குற்றமில்லையெனில் குமிழ் ஒரு கணம் மின்னி மங்கும். இதற்கு இழை விளக்குத்தான் வேண்டும், இப்போதைய எல்.ஈ.டி. விளக்கு உதவாது. ஆகவே அவர் பழைய குமிழ்களைத் தங்கம்போற் பொத்தி வைத்திருக்கிறார். குமிழ் மின்னி மங்கியது. திரையின் கழுத்திலோ வெளிச்சமே இல்லை.

இந்த இடத்திலேதான் நான் ஒரு கைவினைஞரின் சிந்தனையை அருகிருந்து கண்டேன். அவரிடம் அக்கருவியின் சுற்று வரைபடம் இல்லை. தயாரித்த நிறுவனத்தின் பெயரே தேய்ந்துபோயிருந்தது. பழைய கலண்டர்த் தாளொன்றைத் திருப்பிப் போட்டு, பலகையிற் செப்புக்கோடுகள் போகும் வழியைப் பார்த்துப் பார்த்துத் தாமே வரையத் தொடங்கினார். வீட்டு மின் 230 வோல்ற்று. அதைக் குறைக்கும் நிலைமாற்றி. அலையும் மின்னை ஒரே திசையில் ஓடச் செய்யும் நான்கு இருவாயிகள். பிறகு அதைப் பன்னிரண்டு வோல்ற்றில் அசையாது பிடித்துவைக்கும் ஒரு திரான்சிற்றர். அரை மணி நேரம் அவர் ஒன்றையும் திருத்தவில்லை. நம் பள்ளிக்கூடங்களில் வரைபடத்தை நாம் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை விளக்கச் சொல்கிறோம். பொருளைக் கொடுத்து வரைபடத்தை அவர்களே ஆக்குமாறு கேட்டவர் எத்தனை பேர்?

அதன்பின் மானியின் முனையை வரைபடத்தின் ஒவ்வொரு நிலையத்திலும் வைத்துப் பார்த்தார். நிலைமாற்றிக்குப் பின் மின் உண்டு. இருவாயிகளுக்குப் பின் உண்டு. திரான்சிற்றரின் வாசலில் உண்டு, அதற்கப்பால் பூச்சியம். “இங்கதான் பஸ் நின்டிருக்கு” என்றார். திரான்சிற்றர் பழுதென்று நான் முடிவுகட்டினேன். அவர் அதைக் கழற்றவில்லை. பலகையைத் திருப்பி, உருப்பெருக்கியை என் கையிற் கொடுத்தார். திரான்சிற்றரின் கால் பலகையிற் பதிந்த இடத்தில், ஈயப் பற்றைச் சுற்றி மயிரிழைபோல் ஒரு வட்ட வெடிப்பு! வேலை செய்யும்போது சூடாகும் பாகம் அது. திரையை ஏற்றும்போதெல்லாம் விரிந்தும் அணைத்தபோதெல்லாம் சுருங்கியும், ஆண்டுக்கணக்காக அக்கால் தன் பிடியைத் தானே தளர்த்திக்கொண்டு வந்திருக்கிறது.

பழைய ஈயத்தை உறிஞ்சியெடுத்து, காலைச் சுரண்டித் துலக்கி, சூட்டுக்கோலால் புதிதாக ஒரு துளி ஈயம் வைத்தார். இரண்டு விநாடி வேலை. மறுபடியும் மின் கொடுத்தபோது கூசாவின் கழுத்துக்குள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பொட்டு அரும்பியது. சிறிது நேரத்தில் திரையின் முகத்தில் மெல்லிய சரசரப்பு. முன்னே நீட்டிய என் கையின் உரோமம் சிலிர்த்தது. பின், திரையின் நடுவே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை கத்திமுனைபோல் ஒரு பச்சைக்கோடு.

நான் வாழ்த்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் நானா ஒளியைக் குறைத்துவிட்டார். படம் முழுவதும் பரவ வேண்டிய ஒளியெல்லாம் ஒரே கோட்டில் விழுந்தால் பூச்சு கருகி, அந்த வடு என்றைக்கும் மாறாது. ஆனால் அந்த ஒற்றைக்கோடு ஒரு நீண்ட கடிதத்துக்குச் சமம். கோடு இருக்கிறதென்றால் இழை சுடுகிறது, உயரழுத்தம் வருகிறது, புள்ளி இடம் வலமாக ஓடுகிறது. மேலும் கீழும் ஓட்டும் பகுதி மட்டுமே உறங்குகிறது. ஒரு பெரிய ஊரில் ஒருவரைத் தேடப் போனவனுக்கு வீதியின் பெயர் கிடைத்ததுபோல.

அந்த வீதியிற் பெரிய வீடுகள் சிலவே. ஆயிரம் மைக்ரோபரட் எனப் பொறித்த கண்டென்சரொன்று அங்கே நின்றது. தலை வீங்கவில்லை, பார்வைக்குக் குற்றமில்லை. கழற்றி அளந்தபோது அது உலர்ந்த எலுமிச்சங்காயாக இருந்தது. அதன் அடியிற் பலகை சற்றுப் பாசிபிடித்திருந்தது. நானாவின் மூக்கு காலையிலேயே கண்டுபிடித்தது அதைத்தான்.

கடையின் பின்புறம் கழித்த தொலைக்காட்சிகள் குவிந்திருந்தன. அவற்றிலொன்றிலிருந்து எடுக்கலாமே என்றேன். அவர் தலையசைத்தார். திரான்சிற்றர், நிலைமாற்றி, செப்புச்சுருள் முதலியவற்றை இறந்த கருவிகளிலிருந்து எடுப்பது அவர் வழக்கம்; கண்டென்சரை மட்டும் எடுப்பதில்லை. பழையதைக் கழற்றிப் பழையதைப் பூட்டினால் ஒரு கிழவனை எழுப்பி இன்னொரு கிழவனை அமர்த்தியதாகும். இறக்குமதி முடங்கியிருந்த 2021, 2022 ஆம் ஆண்டுகளில் மட்டும் வேறு வழியின்றி அவ்வாறு செய்தாராம். 2022 மார்ச்சு இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு அமுலாகியதை நாம் மறக்கவில்லை. மின் போய் மீண்டும் பாய்ந்து வந்த ஒவ்வொரு வேளையிலும் எத்தனையோ வீடுகளிற் கருவிகள் மாண்டன; அக்காலத்தில் இரவிலும் வேலை இருந்ததென்றார். புதியதை வாங்குவதற்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் பையனை அனுப்பினார். அதன் விலை ஒரு தேநீரின் விலைக்கு மேலில்லை.

பையன் வரும்வரை அந்தத் தொலைக்காட்சிக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2000 ஆம் ஆண்டுக்குப் பின்னர் தட்டைத் திரைகள் பெருகி, இந்தக் கூசாக்கள் வீடுவீடாக வெளியேறின. வர்ணத் திரைக் கூசாவின் புனல் வடிவப் பகுதியில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஈய ஒட்சைட்டு கலந்திருக்கிறது. உயரழுத்தத்தினால் உள்ளே உண்டாகும் எக்ஸ் கதிர் வெளியேறி, அருகே இருப்போரைத் தாக்காமற் காப்பதற்காகவே அந்த ஈயம் சேர்க்கப்பட்டது. வீட்டில் இருக்கும்வரை காவலன். உடைத்து ஆற்றோரத்திற் கொட்டினால் நஞ்சு. இலங்கை 1992 இல் பாசல் சமவாயத்திற் சேர்ந்தது. 2008 ஆம் ஆண்டின் வர்த்தமானி விதிகளின்படி மின்னணுக் கழிவுகளை உரிமமின்றிக் கையாளுதல் ஆகாது. சட்டம் இருக்கிறது. ஆயினும் செம்புக்காகச் சுருளை உருவிக்கொண்டு கண்ணாடியை வாய்க்காலோரம் விட்டுச்செல்லும் காட்சியை நம்மிற் காணாதவர் யார்? நானா கூசாக்களை உடைப்பதில்லை. “உடைச்சா காசு, வெச்சிருந்தா இடஞ்சல்” என்று சிரித்துக்கொண்டார். உரிமம் பெற்ற சேகரிப்பாளர் வரும்வரை அவை அப்படியே இருக்கின்றன.

புதிய கண்டென்சரைப் பூட்டியதும் கோடு விரிந்தது. நடுவிலிருந்து மேலும் கீழுமாக, ஓலைப்பாயைச் சுருள் அவிழ்ப்பதுபோல், பச்சை ஒளி திரை முழுவதும் பரந்தது. ஓரங்கள் சற்றுக் குறுகியிருந்தன; ஒளி இளமைக் காலத்து ஒளியன்று. இழையை அதிகம் சூடேற்றிப் பிரகாசத்தைக் கூட்டும் வித்தையொன்று உண்டாம். அதனாற் கிடைப்பது சில மாதப் பொலிவு, பிறகு நிரந்தர இருள். அவர் அதைச் செய்ய மறுத்தார். எனக்கு வேண்டியதும் அழகன்று.

அடுத்த சனிக்கிழமை கணினியையும் கொண்டு சென்றேன். பயிற்சி நிலையமொன்றிற் படிக்கும் இரண்டு மாணவர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தனர். வட்டு முனகி முனகிப் பின்னர் சுதியேறியது. திரையில் எழுத்துக்கள் தோன்றின. அந்தப் பழைய யந்திரம் முதலிற் கேட்டது திகதியை. இன்று 1980 ஜனவரி 1, செவ்வாய்க்கிழமை என்பது அதன் எண்ணம். நாங்கள் அதைத் திருத்தவில்லை.

கோப்புகளின் பட்டியல் வந்தது. ஒன்றைத் திறந்தோம். கொத்தலும் முறியலுமாகத் தமிழ் எழுத்துக்கள் எழுந்தன: அணியம், கடையால், பாய்மரம். ஒவ்வொன்றுக்கும் எதிரே குஞ்சையாவின் விளக்கம்; சொன்னவர் யார், எந்த ஆண்டிற் கேட்டது என்ற குறிப்பு. சில இடங்களில் ‘ஐயம்’ என்று மட்டும் இருந்தது. மாணவரொருவர், “சேர், அணியம் என்டா என்ன?” என்று கேட்டார். ஓடத்தின் முற்பகுதி என்றேன். களனி ஆற்றிலே தோணி பார்த்த பிள்ளைதான். அந்தச் சொல் அவருக்கு அன்றைக்குத்தான் வந்தது.

அச்சிட வழியில்லை, நெகிழ்வட்டுக்களைப் பூஞ்சணம் மூடிவிட்டது. திரையைப் பக்கம் பக்கமாகக் கைத்தொலைபேசியிற் படமெடுப்பதென்று தீர்மானித்தோம். முதற் படங்களில் கரிய பட்டைகள் குறுக்கே விழுந்து எழுத்துக்களை மறைத்தன. புள்ளி ஓடி முடிப்பதற்குள் புகைப்படக்கருவி கண்ணை மூடிக்கொண்டதே காரணம். திரை விநாடிக்கு 50 தடவை வரைவதாயின், கண்ணை 25 இல் ஒரு பங்கு விநாடி திறந்து வைத்தால் இரண்டு முழுப்படங்கள் விழுமென்று அந்த மாணவரே கணக்கிட்டுச் சொன்னார். பட்டைகள் மறைந்தன. நானா தம் மேசையிலிருந்தபடியே, “பொடியன் தேறுவான்” என்றார்.

திரை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாதென்பது அவர் கட்டளை. ஆதலால் மூன்று சனிக்கிழமைகள் சென்றன. பதினாறு கோப்புகளிற் பதினைந்தை எடுத்துவிட்டோம். ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் கரையேறியிருக்கின்றன. பதினாறாவது கோப்பைத் திறக்கும்போது வட்டு தடுமாறி நின்றுவிடுகிறது. கோப்பின் பெயரைக்கொண்டு பார்த்தால் அது பாய்களைப்பற்றியதாக இருக்கவேண்டும். வட்டைக் குளிரவிட்டு, விடியற்காலையில் முயன்று பார்க்கலாமென்று நானா சொல்லியிருக்கிறார். வருகிற சனிக்கிழமை ஆறு மணிக்கே கடையைத் திறந்து வைப்பாராம்.